போன் பேசிய பிறகு விழுந்த அடி

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். கல்யாண ஜிப்பா இடுப்பில் பிடிக்கிறது என்று தையல் கடையில் மேசையை ஓங்கித் தட்டிவிட்டு வந்தாய் என்று கேள்விப்பட்டேன். உன் அப்பாவும் கல்யாணத்துக்கு முன்பே மேசையைத் தட்டியவர்தான். அதை ஆண்மை என்று நினைத்து நான் கழுத்தை நீட்டினேன். என் கதை இருக்கட்டும். முந்தாநாள் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் கூறைப்புடவை எடுக்கப் போனேன். கடைப் பெண் ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிறாள், உனக்கு வரப்போகிறவளின் கண் ஒன்றிலும் நிற்கவில்லை. மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "ஆன்டி, அவருக்குக் கோவம் வந்தா எங்க போய் நிக்கும்?" என்று கேட்டாள்.

ஏனம்மா கேட்கிறாய் என்றேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். நெரிசலில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் உன் கார் கண்ணாடியை உரசிவிட்டானாம். நீ இறங்கிப்போய்ப் பின்னாலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தாயாம். அவன் மோட்டாரைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். நீ அவன் விளக்கை மட்டும் உடைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஸ்பானரைப் பின் சீட்டில் போட்டுவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாயாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், பல வருடம் என் முகத்தில் இருந்த சிரிப்பு அது. எந்த வீல் ஸ்பானர் என்று நான் கேட்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

நான் அவளுக்குப் பதில் சொல்லாமல் அரக்குக் கலரே எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சை மாற்றினேன். அதனால்தான் எழுதுகிறேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தாலி கட்டுவதற்கு முன்னால் ஜெஞ்சாரோமுக்குப் போ. நம் பழைய டிரைவர் சேகரின் முன்னால் உட்கார்ந்து, அன்று நடந்ததை உன் வாயால் சொல். நடந்தது உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நம் வீட்டில் அதைப் பேசும் ஒவ்வொரு முறையும் ஓரமாகக் கொஞ்சம் நறுக்கிவிடுகிறோம். இப்போது அது "அந்தப் பிரச்சினை" என்று சுருங்கிப்போய் நிற்கிறது. நான் நறுக்காமல் எழுதுகிறேன், நீ எழுந்து போகாமல் படி.

நீ பள்ளியில் படிவம் ஐந்து முடித்த விடுமுறையில் என் அலுவலகத்துக்கு வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம், சர்வர் விழுந்தால் என் போனுக்குத்தான் அழைப்பார்கள். உனக்கு நான் முதலில் காட்டியது ss -tulpn. அதைத் தட்டினால் அந்த இயந்திரம் எந்தெந்தப் போர்ட்டில் காதைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது, அந்தக் காதுக்குப் பின்னால் எந்த நிரல் இருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லிவிடும். 127.0.0.1 என்று இருந்தால் அது வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்வது. 0.0.0.0 என்று இருந்தால் வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் பதில் சொல்லும். அந்த வரிகளில் நீ அறியாத ஒரு பெயர் இருந்தால் வீட்டுக்குள் யாரோ இருக்கிறான் என்று நினைத்துக்கொள் என்றேன். பேய் படம் மாதிரி சொல்றீங்க லா மா என்று நீ சிரித்தாய். சீக்கிரமே என்னைவிட வேகமாகத் தட்டக் கற்றுக்கொண்டாய். கிள்ளான் யார்டில் அப்பாவின் லோரிகளையும் கேமராக்களையும் கவனிக்கும் சர்வரை முழுதாக உன் கையில் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த வருடம் யார்டில் முனீஸ்வரருக்குப் பூசை. படையல் முடியும்வரை கேட்டைச் சாத்தக்கூடாது என்பது அப்பாவின் வழக்கம். சாமி வருகிற வழியை மறிக்கக் கூடாதாம், பசித்து வருகிறவனைத் திருப்பி அனுப்பக் கூடாதாம். ஈப்போவில் படுத்த படுக்கையாக இருந்த உன் அத்தை பூசையைப் பார்க்க ஆசைப்பட்டாள். நீ கேமராப் படங்களை வெளியே அனுப்ப ஒரு சிறு சேவையை எழுதினாய். அதற்கு poosai என்றே பெயர் வைத்தாய். ரவுட்டரிலும் வழி திறந்துவிட்டாய். பாஸ்வேர்டு வைத்திருந்தாய், அதைச் சொல்லியே ஆக வேண்டும். அத்தைக்கு அதைத் தட்டத் தெரியவில்லை, அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமிய பாக்குறதுக்கு என்னடா பாஸ்வேர்டு? கேட்ட தொறந்து வெச்சிட்டு இத மட்டும் பூட்டுவியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நீ எடுத்துவிட்டாய். கரண்டு போய் வந்தாலும் தானாக எழும்பட்டும் என்று அந்தச் சேவையை enable செய்தும் வைத்தாய். ஆட்டுத் தலையையும் சுருட்டுப் புகையையும் பார்த்து அத்தை ஈப்போவில் கும்பிட்டாள்.

பூசை முடிந்தது, கேட்டைப் பூட்டினோம். நீ systemctl stop poosai என்று தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். stop என்றால் இப்போதைக்கு உட்கார் என்று பொருள். இனி எழுந்திருக்காதே என்று சொல்ல disable வேண்டும். அதை நீ தட்டியிருப்பாய் என்று நான் நினைத்தேன், அப்புறம் தட்டிக்கொள்ளலாம் என்று நீ நினைத்தாய். ரவுட்டரில் திறந்த வழியும் அப்படியே கிடந்தது. சில வாரம் கழித்து ஒரு மத்தியான மழையில் இடி இறங்கி, யார்டு முழுக்க டிரிப் ஆனது. கரண்டு வந்ததும் சர்வர் எழுந்தது, அதோடு poosai-யும் எழுந்தது. யார்டின் ஒவ்வொரு மூலையும், சாவி மாட்டும் ஆணி உட்பட, பாஸ்வேர்டு இல்லாமல் ஊர் உலகத்துக்குத் திறந்து கிடந்தது. அதற்குப் பிறகு நீ ஒரு முறைகூட ss தட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லாரும் செந்தூலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். யார்டில் காவலுக்கு ஜாகா பெருமாள் அங்கிள் மட்டும். துறைமுகத்துக்குப் போகவேண்டிய செப்புக் கம்பி ஏற்றிய லோரி நின்றது. பட்டப்பகலில் திருடர்கள் பாராங் கத்திகளோடு வந்தார்கள். கேட்டில் யார் எப்போது நிற்பார், சாவி எந்த ஆணியில், நாய் எங்கே கட்டியிருக்கும், எல்லாம் தெரிந்து வந்தார்கள். நாயை முதலில் வெட்டினார்கள். பெருமாள் அங்கிள் சாவி ஆணிக்கு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினார். அந்தக் கையில்தான் வெட்டு விழுந்தது. விழுந்தவரின் முதுகிலும் வெட்டிவிட்டு, அவர் மேலேயே மிதித்து ஏறிப்போய்ச் சாவியை எடுத்தார்கள். நாம் வந்தபோது அவர் தன் வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் தரையில் கிடந்தன. ஐஸ் பெட்டியில் அவற்றைப் பொறுக்கிப் போட்டவள் நான். ஒன்றும் ஒட்டவில்லை. இன்றைக்கும் அவர் இடது கையால் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியைப் பிடிக்கிறார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் உன் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மிதித்து நொறுக்கினார். உள்ளே இருந்து காட்டிக்கொடுத்தவன் இருக்கிறான் என்றார். உடனே சேகர் பெயர் வந்தது. பிரேக் சரியில்லாத லோரியை ஓட்ட மாட்டேன் என்று சொன்ன டிரைவர். அதற்கு அப்பா அவர் முகத்தில் கோப்பையை எறிந்து வேலையை விட்டுத் துரத்தினார். போகும்போது, இப்படியே செஞ்சா யார்டு அழிஞ்சிடும் பொஸ் என்று சேகர் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது உங்கள் இருவருக்கும். நீங்கள் சேகரைத் தேடி அவர் வீட்டுக்கு, ஜெஞ்சாரோமுக்குக் கிளம்பியது எனக்குத் தெரியாது. போலீசுக்குக் கேமராப் பதிவு எடுத்துக் கொடுப்பதற்காக நான் யார்டுக்குப் போய்ச் சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். ரத்தத்தைக் கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை. பழக்க தோஷத்தில் முதலில் ss -tulpn தட்டினேன்.

0.0.0.0 என்று ஒரு வரி. கடைசியில் poosai. systemctl status போட்டேன், ஓடிக்கொண்டிருந்தது. பதிவுகளைத் திறந்தேன். யார் யாரோ எங்கிருந்தோ நாள்கணக்கில், மணிக்கணக்காக நம் யார்டைப் பார்த்திருக்கிறார்கள். அந்த முகவரிகளின் பின்னால் இருந்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று அறிய சேகர் இப்படி உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டியதில்லை. வருடக்கணக்காக அந்த ஆணியில் சாவியை மாட்டியவரே அவர்தான். பார்த்தவர்கள் யார்டை அறியாதவர்கள். நான் அப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. உனக்குப் போட்டேன். நீ எடுத்தபோது பின்னால் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, சேகர் இல்லடா. poosai இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நீ disable பண்ணல. வெளிய இருந்து பாத்திருக்கானுங்க. அடிக்காதீங்க, விடுங்க" என்றேன்.

நீ "திரும்பச் சொல்லுங்க மா" என்றாய். திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். உன் மூச்சு எனக்குக் கேட்டது. நீ போனை அணைக்காமல் பையில் போட்டாய். அதனால் மீதி எல்லாம் எனக்குக் கேட்டது. செருப்பு மண்ணில் நடக்கும் சத்தம். இரும்பு எலும்பில் இறங்கும் சத்தம். அதை இதற்கு முன் கேட்டதில்லை, ஆனாலும் என்னவென்று உடனே தெரிந்தது. சேகர் போட்ட சத்தம் மனிதர் போடும் சத்தமாக இல்லை. அதற்குப் பிறகு அப்பாவின் குரல், "போதும்டா, விடு." உன் அப்பா ஒருவனிடம் போதும் விடு என்று சொல்லி என் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன்.

தெரியாமல் அடித்த அடிகளை நான் உன் கணக்கில் சேர்க்கவில்லை. அவை அப்பாவின் கூச்சல், ஆஸ்பத்திரியின் ரத்தம், உன் வயது என்று எதிலாவது சேர்த்துக்கொள்ளலாம். தெரிந்த பிறகு அந்த வீல் ஸ்பானரால் ஓர் அடி அடித்தாயே, அது முழுக்க உன்னுடையது. சேகரின் முட்டியை நொறுக்கியது அந்த அடிதான். பெருமாள் அங்கிளின் விரல்கள் யாரால் போயின என்று போனில் கேட்ட அந்தக் கணத்தில், உன்னை நீ அடித்துக்கொண்டிருக்க வேண்டும், சுவரை அடித்திருக்கலாம், என்னிடம் கத்தியிருக்கலாம். கீழே விழுந்து கிடந்தவனை அடித்தாய், அவன் குற்றவாளியாகவே இருந்துவிட வேண்டும் என்பதற்காக. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நீ ஒரு கட்டளையை மறந்ததற்காக நான் உன்னை ஒரு நாளும் வெறுத்ததில்லை. நம் தொழிலில் மறக்காதவர் யாரும் இல்லை.

பிறகு நடந்ததும் தெரியும். செலாயாங் பக்கம் லோரி பிடிபட்டது, ஆட்களும் பிடிபட்டார்கள். டிராமா பார்ப்பது போலப் போனில் உங்கள் யார்டைப் பார்த்தோம் என்று அவர்களில் ஒருவன் சொல்லியிருக்கிறான். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, கேமரா போட்டவன் செய்த தப்பு என்று அப்பா சொல்லி முடித்துவிட்டார். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். சேகரோ லோரியில் இருந்து விழுந்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார். கைக்குழந்தையோடு இருக்கும் மனைவி, அப்பனும் மகனும் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று அழுதிருக்கிறாள். திருடர்கள் அகப்பட்ட பிறகும் கிள்ளான் லோரிக்காரர்கள் வாயில் சேகர் காட்டிக்கொடுத்தவர்தான், ஏனென்றால் நம் வீட்டில் இருந்து ஒருவரும் அது பொய் என்று சொல்லவில்லை. அவரை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. எடுத்தாலும் கிளட்சை மிதிக்க அந்தக் கால் மடங்காது.

கல்யாணம் முடிந்ததும் நீ ஓர் ஆஸ்பத்திரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய். நல்ல வேலை. சேர்ந்த முதல் நாளே எல்லாப் போர்ட்டையும் பார். உள்ளே இருந்து ss தட்டிப் பார்த்தால் போதாது, வெளியே இருந்தும் தட்டிப் பார், நமக்குத் தெரியாமல் ரவுட்டரில் யாராவது வழி விட்டிருப்பார்கள். ஓடுகிற ஒவ்வொரு சேவையும் யாருக்காக ஓடுகிறது என்று கேள். பதில் இல்லாததை நிறுத்து, நிறுத்தியதோடு விடாமல் disable செய், பிறகு ஒரு முறை மறுதொடக்கம் செய்துவிட்டு மறுபடி பார். எழுந்து நிற்கிறதா இல்லையா என்று அப்போதுதான் தெரியும். யாராவது கத்தினார்கள் என்பதற்காகப் பாஸ்வேர்டை எடுக்காதே, கத்துகிறவர் பெற்ற அப்பனாக இருந்தாலும் சரி.

உதாரணம் சொல்லிப் புத்தி சொல்வது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் கோபத்தை நான் காபி போட்டும், அழுதும், உன்னைத் தூக்கி அவர் மடியில் வைத்தும் எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறேன். அடுத்த முறை எங்காவது ஏதாவது டிரிப் ஆனால் அது தானாக எழுந்து வந்து நிற்கும். நீ அன்று ஜெஞ்சாரோமில் இருந்து திரும்பி வந்து குளித்துவிட்டு, சாப்பிட்டு, தூங்கினாய். அதன் பிறகு உன் குரல் உயரவே இல்லை. இவன் மாறிவிட்டான் என்று நானும் நம்பினேன். தர்ஷினி அந்த மோட்டார்க்காரனைப் பற்றிச் சொன்ன பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

நேற்று நான் மட்டும் ஜெஞ்சாரோமுக்குப் போனேன். சேகரின் மனைவி என்னைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சேகர் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். உன் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார், பெண் எந்த ஊர் என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார். "அக்கா, பொஸ் அடிச்சதெல்லாம் எனக்கு இப்ப நெனப்புல இல்ல. அவரு கோவம் தெரிஞ்சதுதான். ஆனா தம்பி நிறுத்திட்டாரு. போன் வந்துச்சு, எடுத்துப் பேசுனாரு, அப்புறம் வந்து அடிச்சாரு. போன்ல என்னைப் பத்தி யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க. அது யாருன்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

கேட்டாயா? அந்த மனிதர் இத்தனை காலமாகத் தன் முட்டியைத் தடவிக்கொண்டு, போனில் தன்னைப் பற்றி அவதூறு சொன்ன ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது நான்தான், உங்களைக் காப்பாற்றத்தான் பேசினேன் என்று சொல்ல என் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். நான் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் தம்பி ஏன் அடித்தார் என்பது. அதை நீதான் உன் வாயால் சொல்ல வேண்டும்.

இந்த ஞாயிறு காலை நான் மறுபடியும் ஜெஞ்சாரோமுக்குப் போகிறேன். எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் கார் நிற்கும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மேசையைத் தட்டினார், நான் எழுந்திருக்கவில்லை. நீ ஏறினால், போனில் பேசியது யார் என்று நான் சொல்கிறேன், பேசிய பிறகு ஏன் அடித்தாய் என்று நீ சொல். நீ ஏறாவிட்டாலும் கார் போகும். உன் பங்கையும் நானே சொல்வேன், அம்மாவாக அல்ல, கேட்ட சாட்சியாக. அதன் பிறகு சேகர் பலாய்க்குப் போய்ப் போலீசில் புகார் கொடுக்கலாம் என்றால் நானே ஓட்டிக்கொண்டு போவேன். ஏறுவதாக இருந்தால் அந்த வீல் ஸ்பானரையும் எடுத்து வா, பலாயில் கேட்பார்கள்.

தர்ஷினி இன்று காலை போன் செய்தாள். புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாளாம். பிறகு சற்றுத் தயங்கி, அன்று கேட்டதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லையே ஆன்டி என்றாள். உன் கோபம் எங்கே போய் நிற்கும் என்று ஞாயிறு மாலை சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா